சங்கு அம்மணி

தீபாவளிக்கு இரண்டு நாள் இருந்தது. சிங்காநல்லூரில் காலையிலிருந்து விடாத தூறல். கோவிந்தராஜுலுவின் லேத் பட்டறையில் அன்றைக்கே முடித்துக் கொடுக்க வேண்டிய பம்ப் ஷாஃப்ட்டுகள் இன்னும் ஒரு பெட்டி கிடந்தன. ஆட்களில் பாதிப் பேர் ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். ஒரு லேத்தில் காளிச்சாமியும் இன்னொன்றில் கோவிந்தராஜுலுவும் நின்றிருந்தார்கள். ஐம்பத்தேழு வயதானாலும் அவசர வேலை என்றால் முதலாளியும் நின்றுதான் ஆகவேண்டும்.

மழைக்கோட்டு சொட்டச் சொட்ட ஒரு கூரியர்காரர் வாசலில் வந்து நின்றார்.

"ராமாமணி கோவிந்தராஜுலு ஊடு இதுங்களா?"

"ஊடு பின்னாலீங்க. இங்கயே குடுத்துட்டுப் போங்க."

கையைக் கழிவுப் பஞ்சில் துடைத்துக்கொண்டு பார்சலை வாங்கினார். பெங்களூரிலிருந்து தம்பி சுந்தரராஜுலு அனுப்பியது. ஒவ்வொரு தீபாவளிக்கும் அவன் ஒரு முந்திரி, பாதாம் பெட்டி அனுப்புவான். எப்போதும் மேலே 'கோவிந்தராஜுலு அண்ணா அவர்களுக்கு' என்றுதான் இருக்கும். இந்த வருசம் வீட்டுக்காரியின் பெயர் இருந்தது. ஒரே வீடுதானே, யார் பெயருக்கு வந்தால் என்ன என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அப்படிச் சொல்லிக்கொள்ள வேண்டியிருந்ததே அவருக்குப் பிடிக்கவில்லை.

"முந்திரியாட்டத் தெரியலீங்களே," என்றான் காளிச்சாமி, பார்சலைக் கையில் வாங்கிக் கனம் பார்த்து. "புஸ்தகமுங்க."

பட்டறையைத் தாண்டினால் கிணற்றடி, அதைத் தாண்டினால் வீடு. சமையலறையில் ராமாமணி முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்தாள். மகள் லாஸ்யா ஒரு கையால் லேப்டாப்பில் ஆபீஸ் வேலையும் இன்னொரு கையால் முறுக்கு அச்சுமாக உட்கார்ந்திருந்தாள். ராமாமணி சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துவிட்டுப் பார்சலைப் பிரித்தாள். வழவழவென்று பெரிய அளவில் ஒரு படக்கதைப் புத்தகம். அட்டையில் ஒரு பெண் பாவாடை தாவணியோடு ஓடிக்கொண்டிருந்தாள். அவளைச் சுற்றித் தெருவே சிலையாக நின்றது. தூக்கிய காலோடு நாய், கவிழ்ந்த குடத்திலிருந்து கீழே விழாமல் நிற்கும் தண்ணீர், சைக்கிளில் ஒரு பால்காரர். மேலே கொட்டை எழுத்தில் 'சங்கு அம்மணி'. கீழே, 'கதை, ஓவியம்: சுந்தரராஜுலு'.

ராமாமணி பக்கங்களைப் புரட்ட ஆரம்பித்தாள். நின்றபடியே புரட்டினாள். எண்ணெய் புகைந்தது.

"அம்மா, முறுக்கு!" என்று லாஸ்யா கத்தினாள்.

ராமாமணி அடுப்பை அணைத்தாள். கருகிய முறுக்கை எடுக்கக்கூட இல்லை. புத்தகத்தை மார்போடு பிடித்துக்கொண்டு மாடி ஏறிவிட்டாள். முப்பத்தொரு வருசத்தில் அவள் ஒரு முறுக்கைக் கருகவிட்டு கோவிந்தராஜுலு பார்த்ததில்லை.

"என்னங்கப்பா ஆச்சு அம்மாவுக்கு?"

"எனக்கென்ன தெரியும்?" என்றார். அவருக்குத் தெரியும், அல்லது தெரியும் என்று நினைத்தார்.

அந்தக் கதையைச் சொல்ல முப்பத்தைந்து வருசம் பின்னால் போகவேண்டும். கோவிந்தராஜுலுவுக்குப் பதினேழு வயதாகும்போது மில்லில் வேலை பார்த்த அப்பா இறந்துபோனார். படிப்பை விட்டுவிட்டு ஒரு பட்டறையில் சேர்ந்தார். பிறகு பழைய லேத் ஒன்றை வாங்கி வீட்டின் முன்னாலேயே போட்டார். தம்பி சுந்தரம் பள்ளிக்கூடம் போனான். சோமனூர்ப் பக்கம் நாலு விசைத்தறி வைத்திருந்த தாய்மாமன், தன் மகள் ராமாமணியை மேல்படிப்புக்காக அக்கா வீட்டில் கொண்டுவந்து விட்டார். ராமாமணிக்கும் சுந்தரத்துக்கும் ஆறு மாதம்தான் வித்தியாசம், அவள் மூத்தவள். அத்தை மகன் முறைக்குக் கோவிந்தராஜுலுவை 'பாவா' என்றும் சின்னவனைச் 'சுந்து' என்றும் கூப்பிட்டாள். தெலுங்கும் கோயமுத்தூர்த் தமிழும் கலந்து புழங்கும் வீடு அது.

தறிச் சத்தத்தில் பிறந்து வளர்ந்தவள் அவள். சத்தம் அவளுக்குப் புதிதில்லை. ஆனால் முதல்நாள் காலை ஷிப்டுக்கு மில் சங்கு ஊதியபோது பயந்துவிட்டாள். எங்கோ தீப்பிடித்துவிட்டது என்று நினைத்து வெளியே ஓடினாள். தெருவில் எல்லோரும் ஒரு கணம் நின்று மணியைச் சரிபார்ப்பதைக் கண்டாள். அதிலிருந்துதான் சங்கு அம்மணி வந்தாள். சங்கு ஊதி முடிகிற வரைக்கும் ஊரே அப்படியே நிற்கும். அவள் ஒருத்தி மட்டும் நடப்பாள். அந்த ஒரு நிமிசத்துக்குள் லாரி முன்னால் நிற்கும் குழந்தையைத் தூக்கி ஓரத்தில் விடுவாள். சாராயக் கடையில் உயர்த்திய கிளாஸில் வேப்பெண்ணெய் ஊற்றுவாள். கணக்கு வாத்தியாரின் பிரம்பை ஒடித்துப்போடுவாள். சுந்தரம் படம் போட்டான். கோடு போடாத நோட்டுகளில் பதினொரு பாகம் வந்தது. தெருப் பிள்ளைகள் ஒரு தேன்மிட்டாய் வாடகைக்கு வாங்கிப் படித்தார்கள்.

கோவிந்தராஜுலுவுக்கு இதில் தெரிந்தது எல்லாம் சிரிப்புச் சத்தம்தான். மத்தியானம் சாப்பிட வரும்போது மாடியிலிருந்து இரண்டு பேரும் சிரிப்பது கேட்கும். அப்போது அவருக்கு இருபத்திரண்டு வயது. ஒருநாள் சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் சூடாக பஜ்ஜி வாங்கிக்கொண்டு மாடி ஏறினார். அவர் தலை தெரிந்ததும் சிரிப்பு நின்றது. ராமாமணி சட்டென்று தாவணியை இழுத்து நோட்டை மூடினாள்.

"என்னது அது?"

"ஒண்ணுமில்லீங்க பாவா."

பஜ்ஜியை வைத்துவிட்டு இறங்கி வந்தார். அதற்குப் பிறகு அந்த மாடிக்கு அவர் போகவேயில்லை. பிறகு சுந்தரம் ஓவியக் கல்லூரியில் சேரச் சென்னைக்குப் போனான். அம்மாவும் மாமாவும் பேசி ராமாமணியை மூத்தவனுக்கு முடித்தார்கள். சுந்தரம் கல்யாணத்துக்கு வந்தான். வாசலில் வைக்கிற பலகையில் பெயர்களை அழகாக எழுதினான். ராமாமணியை அண்ணி முறைக்கு 'வதினா' என்று கூப்பிட்டுவிட்டு, சாயந்திர பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டான். அவனைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டாயா என்று கோவிந்தராஜுலு மனைவியிடம் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்காமல் இருந்ததால் அது போய்விடவுமில்லை.

மறுநாள், தீபாவளிக்கு முந்தின நாள் காலை, ராமாமணி குளிக்கப் போயிருந்த நேரம் பார்த்து அவர் புத்தகத்தை எடுத்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு பட்டறைக்கு வந்தார். காளிச்சாமி மெஷின்களைத் துடைத்துக்கொண்டிருந்தான். கோவிந்தராஜுலு ஸ்டோர் அறைக்குள் போய், டிரில் பிட் பெட்டிகளுக்கு நடுவே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

முதல் பக்கத்தில் நாலே வரி.

'சிறு வயதில் என் கதைகளைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்த வதினா ராமாமணிக்கு, அந்த மாடி அறையின் நினைவாக.'

அந்த மாடி அறையின் நினைவாக. அதையே திரும்பத் திரும்பப் படித்தார். கட்டை விரலால் அந்த வரியை அழுத்திப் பிடித்திருந்தது அவருக்கே தெரியவில்லை. பிறகு கதையைப் படித்தார். முப்பதாம் பக்கத்தில் 'எண்ணெய்க் கை மேஸ்திரி' என்று ஒருவன் வந்தான். அகலமான மூக்கு, இடது புருவத்துக்கு மேல் மச்சம், முழங்கை வரைக்கும் கறுத்த எண்ணெய். கோவிந்தராஜுலு தன் புருவத்தைத் தொட்டுப் பார்த்தார். அந்த மேஸ்திரி சங்கு அம்மணியைப் பல நாள் வேவு பார்த்து, கடைசியில் மில் கூரைமேல் ஏறிச் சங்கின் ஒயரை அறுத்துவிடுகிறான். சங்கு இனி ஊதாது. கடைசிப் பக்கத்தில் சங்கு அம்மணி ஒரு சமையலறையில் கரண்டியைக் கையில் பிடித்தபடி மற்ற எல்லோரையும் போல அசையாமல் நிற்கிறாள்.

ஸ்டோர் அறையில் மின்விசிறி இல்லை. அவருக்கு முதுகெல்லாம் வேர்த்துவிட்டது. இரண்டு பேரும் சேர்ந்து, அப்போதே, மேலே உட்கார்ந்து இதைத்தானா எழுதிச் சிரித்தார்கள்? கீழே தான் நின்று சம்பாதித்த சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டு?

வெளியே வந்து போனை எடுத்தார். தம்பி ஒவ்வொரு வருசமும் பெட்டியை முன்னால் அனுப்பிவிட்டு, தீபாவளி மத்தியானத்துக்குத் தானும் வந்துவிடுவான்.

"சொல்லுங்கண்ணா. புஸ்தகம் வந்துச்சுங்களா? வதினா என்ன சொன்னாங்க?"

"வந்துச்சு. நீ இந்த வருசம் நோம்பிக்கு வர வேண்டாம்."

"ஏனுங்க?"

"உங்க வதினாளுக்குச் சீக்கு. படுத்திருக்கா. ஆளு வந்தா சிரமம்."

"என்னங்க சீக்கு? ஆசுபத்திரிக்குப் போனீங்களா?"

"எல்லாம் பாத்துக்கறோம். நீ வெசனப்படாத," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். பொய் சொன்னது வாயில் துருவைப்போல் கரித்தது. ஆனால் மனசு கொஞ்சம் ஆறியது போலவும் இருந்தது.

புத்தகத்தை இருந்த இடத்தில் வைத்தார். மத்தியானம் பட்டறைக்குப் பூஜை போட்டார்கள். காளிச்சாமிக்கு வேட்டி, இனிப்பு, பட்டாசுப் பெட்டி எல்லாம் கொடுத்து அனுப்பினார். காங்கேயம் பஸ்ஸைப் பிடிக்க அவன் குடையோடு ஓடினான். ஷட்டரை இழுத்து விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால், ராமாமணி கூடத்தின் நடுவில் பரண் ஏணியைப் போட்டு, பழைய தகரப் பெட்டியைக் கீழே இறக்கி, உள்ளே இருந்ததையெல்லாம் இறைத்துவைத்திருந்தாள். ஸ்கூல் சர்ட்டிபிகேட், கல்யாண ஆல்பம், லாஸ்யாவின் தொட்டில் துணி. கண் சிவந்திருந்தது. முழங்கால்மேல் அந்தப் புத்தகம்.

"என்ன தேடறே?"

"நோட்டு. பதினொரு நோட்டு. ஒண்ணுகூட இல்ல. அவனே தூக்கிட்டுப் போயிருக்கான்."

"பத்திரமா வச்சிருப்பான். ஞாபகமா இருக்கோணுமல்ல," என்றார் கோவிந்தராஜுலு.

அந்தக் குரல் அவளை நிமிர்ந்து பார்க்க வைத்தது. புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திருப்பி அவர் முன்னால் நீட்டினாள். அந்த நாலு வரிகளுக்கு மேலே பெரிதாக ஒரு கறுப்புக் கட்டைவிரல் ரேகை.

"இந்தப் பக்கத்துல மட்டும் கிரீஸ் எப்படி வந்துச்சுங்க?"

அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"படிக்கோணும்னா கேட்டு வாங்கிப் படிக்கறது. எதுக்குத் திருட்டுத்தனமா எடுத்துட்டுப் போனீங்க?"

"திருட்டுத்தனம் பண்ணுனது நானா? மேல உக்காந்து ரெண்டு பேரும் சேந்து என்னைய மேஸ்திரி ஆக்கிச் சிரிச்சிருக்கீங்க. நாந்தான் உன்ற சங்கை அறுத்தவன். நாந்தான் உன்ற கையில கரண்டியக் குடுத்து நிக்க வச்சவன். அத்தன பெரிய கொடுமைக்காரன்கூட எதுக்கு இத்தன வருசம் குடும்பம் நடத்துனே?"

லாஸ்யா அறைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்துவிட்டு மெதுவாகக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ராமாமணி புத்தகத்தை மடிக்கு இழுத்துக்கொண்டாள். "அது நான் எழுதுனதில்லீங்க," என்றாள்.

"பின்ன?"

"சங்கு அம்மணி எனக்குச் சொந்தமானவ. பேரு, சங்கு, ஊரே நிக்கறது, லாரி, வேப்பெண்ணெய் எல்லாம் நான் சொன்னது. நான் சொல்லச் சொல்ல அவன் படம் போட்டான். அவ்வளவுதான். இப்பப் பாருங்க, நான் பொறுமையாக் கேட்டுட்டிருந்தனாம்!" அவள் அந்த வரியை விரலால் தட்டினாள். "கேட்டுட்டிருந்தவளாமுங்க நான். என்ற வாயில இருந்து வந்ததை எனக்கே தீவாளிக்கு அனுப்பிச்சிருக்கான். அட்டையில அவன் பேரு. அதுவும் எப்படி அனுப்பியிருக்கான், என்னையக் கரண்டியோட நிக்க வச்சு."

கோவிந்தராஜுலு ஏணியைப் பிடித்துக்கொண்டார். இத்தனை வருசம் கேட்காததை அப்போது கேட்டார்.

"அப்ப நீ அவன நெனச்சு அழுகலயா?"

"என்னங்க பேசறீங்க?"

"நேராவே கேக்கறேன். அவனக் கட்டியிருக்கலாம்னு நெனச்சதுண்டா?"

அவள் கோபப்படவில்லை. கேள்வியை உண்மையாகவே யோசித்தாள். அந்தச் சில விநாடிகள் அவருக்கு மிகவும் நீளமாக இருந்தன.

"அவனைக் கட்டியிருந்தா இந்தப் புஸ்தகத்துல என்ற பேரே இருந்திருக்காதுங்க," என்றாள். "எனக்கு அவம்மேல ஆசையில்லீங்க பாவா, பொறாமை. ரெண்டு நாளா வவுறு எரியுது. அவன் படிச்சான், ஊர் ஊராப் போனான், படம் போட்டான், இப்பப் புஸ்தகம் வந்திருச்சு. நான் அவன நெனக்கல, அந்த வேலையத்தான் நெனச்சேன். முறுக்குப் புழியறப்பகூட நெனச்சிருக்கேன். சங்கு அம்மணி இந்நேரம் எங்க ஓடிட்டிருப்பானு. ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல. சொன்னா சிரிப்பீங்க."

தன் மனைவிக்கு இன்னொருவன்மேல் பொறாமை என்று கேட்டு அவருக்கு இத்தனை நிம்மதி வரும் என்று அவர் நினைத்ததில்லை. நிம்மதி வந்த வேகத்திலேயே அதன் பின்னால் வேறொன்றும் வந்தது. ஒரு ஆளாக இருந்தால் முகத்தைப் பார்த்துச் சண்டை போடலாம். அவள் முப்பத்தொரு வருசமாகத் தன்கூடப் படுத்து எழுந்து, தனக்குத் தெரியாமல் ஒரு பெண்ணை ஊரெல்லாம் ஓடவிட்டிருக்கிறாள். அதை என்ன செய்வது?

"நீ எழுதுனதுல மேஸ்திரி இல்லயா?" என்று கேட்டார்.

"எண்ணெய்க் கைக்காரர் ஒருத்தர் இருந்தாருங்க. ஆனா மேஸ்திரியில்ல. சங்கை அறுக்கவும் இல்ல."

"அப்பறம் என்ன பண்ணுனான்?"

ராமாமணி புத்தகத்தை மூடினாள். அவள் முகத்தில் சின்னதாக ஒரு வெட்கம் வந்து போனது. "நாளைக்கு வருவானல்ல. அவன் வாயாலயே சொல்லட்டும். என்ன எழுதுனேன், அதை என்ன பண்ணுனான்னு உங்க முன்னால சொல்லட்டும். ஏழு தடவை கூப்புட்டுட்டான் மத்தியானத்துல இருந்து, நான் எடுக்கல. நேர்ல வரட்டும்."

கோவிந்தராஜுலு சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். தான் போனில் சொன்னதை அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. கிணற்றடிக்குப் போய்த் தம்பிக்குப் போன் போட்டார். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி போட்டார். அணைத்து வைத்திருப்பதாகச் சொன்னது. வரவேண்டாம் என்று சொன்னவனை எப்படி வரவழைப்பது என்று தெரியாமல், தூறலில் நனைந்துகொண்டு நின்றார்.

தீபாவளியன்று மழை விட்டிருந்தது. எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுத்துணி உடுத்தி, சாமி கும்பிட்டு முடித்தார்கள். தெருவெங்கும் சிவப்புக் காகிதக் குப்பை ஈரத்தில் ஒட்டிக் கிடந்தது. ராமாமணி இட்லிப் பானையை அடுப்பில் ஏற்றி, கறிக்குழம்பைக் கொதிக்கவிட்டிருந்தாள். தேங்காய் அரைத்து ஊற்றிய வாசம் பட்டறை வரைக்கும் போனது. கோவிந்தராஜுலு வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

ஒன்பது மணிக்கு ஒரு கார் வந்து நின்றது. சுந்தரராஜுலு இறங்கினான். முகம் கழுவவில்லை, சவரம் செய்யவில்லை, கசங்கிய சட்டை. ஒரு கையில் ஆரஞ்சுப் பழப் பை, இன்னொரு கையில் துணிப்பை. வாசலில் கோலம் இருந்ததைக்கூடப் பார்க்காமல் மிதித்துக்கொண்டு வந்தான்.

"வதினா எப்படி இருக்காங்க? எந்த ரூம்ல?"

"அம்மாவுக்கு என்ன சித்தப்பா? நல்லாத்தான இருக்காங்க," என்றாள் லாஸ்யா.

ராமாமணி சமையலறை வாசலில் வந்து நின்றாள். கையில் குழம்புக் கரண்டி. அதைப் பார்த்ததும் சுந்தரம் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான். அவளும் கையைப் பார்த்துக்கொண்டு, கரண்டியைப் பக்கத்தில் இருந்த மேசைமேல் ணங்கென்று வைத்தாள்.

"எனக்கு என்னடா? யாரு சொன்னது?"

எல்லோரும் கோவிந்தராஜுலுவைப் பார்த்தார்கள்.

"நாந்தான் சொன்னேன்," என்றார். "சீக்குன்னு சொன்னேன். இவன் வரக் கூடாதுன்னு சொன்னேன். நேத்துப் புஸ்தகத்தப் படிச்சுப்போட்டு."

புதுச்சட்டையின் மஞ்சள் வைத்த காலரோடு, நோம்பி நாளில், மகள் முன்னால் அவர் அதைச் சொல்ல வேண்டியிருந்தது. சுந்தரம் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டான்.

"வதினா போன் எடுக்கலீங்களா, என்ற போனும் சார்ஜ் எறங்கிப்போச்சு, பயந்துபோயிட்டேன். பெருசா என்னமோன்னு நெனச்சுட்டேன். இதைக் குடுக்காம விட்டுட்டனேன்னு..." துணிப்பையைத் திறந்தான். பழுப்பேறிய நோட்டுகள். முதுகில் துணி ஒட்டியவை. ஒவ்வொன்றிலும் தேன்மிட்டாய்ப் பிசுக்கு.

ராமாமணி மற்ற பத்தையும் தள்ளிவிட்டு, கடைசி நோட்டை எடுத்தாள். கடைசியாகப் படம் போட்ட பக்கத்தைத் திருப்பி மேசைமேல் வைத்தாள். பக்கத்தில் நாலு கட்டங்கள். மூன்றில் படம் இருந்தது. தெரு நிற்கிறது, சங்கு அம்மணி ஓடுகிறாள், ஒரு பட்டறை வாசலில் போய் மூச்சு வாங்குகிறாள். நாலாவது கட்டம் வெறும் வெள்ளை. அதற்குள் பேச்சு மட்டும், பதினாறு வயது ராமாமணியின் சாய்ந்த கையெழுத்தில் இருந்தது. கோவிந்தராஜுலு கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

'அப்பாடா! நீங்களாச்சும் நகர்றீங்களே!'

அதற்குக் கீழே, எண்ணெய்க் கைக்காரர் சொல்வது:

'சங்கா? எப்ப ஊதுச்சு?'

அது புரிய அவருக்கு ஒரு நிமிசம் ஆனது. தன் பழைய லேத் ஞாபகம் வந்தது. அது ஓடினால் பக்கத்தில் வெடி வைத்தால்கூடக் கேட்காது. சங்கு ஊதியதே தெரியாமல் எத்தனையோ நாள் சாப்பிடப் போகாமல் நின்றிருக்கிறார். அம்மா ஆள் அனுப்பிக் கூப்பிட வேண்டியிருக்கும்.

"லேத்துச் சத்தத்துல அவருக்குச் சங்கு கேக்காது," என்றாள் ராமாமணி, யாரையும் பார்க்காமல். "அதனால அவரு நிக்க மாட்டாரு. ஊருல நகர்றது ரெண்டே பேரு. நீங்க பஜ்ஜி வாங்கிட்டு வந்தீங்களே, அன்னிக்கு எழுதுனதுங்க. அதான் மூடுனேன்."

லாஸ்யா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஏன்டா இதுக்குப் படம் போடல?" என்று தம்பியைக் கேட்டார் கோவிந்தராஜுலு.

"போட மாட்டேன்னுட்டேனுங்க. சண்டை போட்டு எந்திரிச்சுப் போயிட்டேன். அத்தோட நோட்டும் நின்னுபோச்சு." சுந்தரம் மேசையையே பார்த்துக்கொண்டு பேசினான். "பதினொரு நோட்டு வரைஞ்சவன் நானுங்கண்ணா. தெருவுல நிக்கற நாயிக்குக்கூட மூஞ்சி போட்டேன். கதையில நகர்றதுக்கு ரெண்டாவதா ஒரு ஆளு வேணும்னா, கீழ இருக்கற நீங்க. மாடிப்பக்கமே வராத நீங்க. எனக்கு அதுல எடமே இல்ல. அப்ப அது என்னன்னு எனக்குப் பேரு வைக்கத் தெரியல."

"இப்பத் தெரியுமல்ல?" என்றாள் ராமாமணி. "ஐம்பத்தோரு வயசாச்சல்ல? அதுக்கோசரம் இவரை ஒயரு அறுக்கறவராக்கி, என்னையக் கரண்டியோட நிறுத்தி வெப்பயா? நான் நின்னனா? நீ வந்து பாத்தயா நான் நின்னதை?"

"தப்புத்தான்."

"கேட்டுட்டிருந்தவளா நான்?"

"தப்புத்தான் வதினா. எழுத எழுத நானே சொன்ன கதையாட்ட ஆயிருச்சு. நெசமாலுமே அப்படி நம்பிட்டேன். நோட்டை எடுத்துப் பாத்தாத் தெரிஞ்சிரும்னு, எடுக்காமயே இருந்தேன். நீ... நீங்க திட்டுவீங்கன்னு தெரியும். அதனாலதான் நேர்ல குடுக்காம கூரியர்ல போட்டேன்."

லாஸ்யா தன் போனை அவன் முன்னால் வைத்தாள். "சித்தப்பா, பப்ளிஷருக்கு இப்பவே ஒரு மெயில் போட்டுருங்க. கதை, ராமாமணி. ஓவியம், சுந்தரராஜுலு. நான் டைப் அடிக்கறேன், நீங்க சொல்லுங்க."

அவன் சொன்னான். அவள் அடித்து அனுப்பினாள். பதிப்பகத்துக்கு நாலு நாள் விடுமுறை என்று உடனே ஒரு தானியங்கிப் பதில் வந்தது. அடுத்த பதிப்பு எப்போது வரும், வருமா என்று யாருக்கும் தெரியாது. கடைகளுக்குப் போய்விட்ட புத்தகங்களில் ராமாமணி பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தவளாகத்தான் இருப்பாள்.

"அது வரும்போது வரட்டும்," என்றாள் ராமாமணி. வெள்ளைக் கட்டத்தின்மேல் விரலை வைத்தாள். "இப்ப இதை வரை."

"இப்பவா? விடியறதுக்கு முன்னாலிருந்து வண்டி ஓட்டியிருக்கேன். கை நடுங்குதுங்க."

"நடுங்கட்டும்."

லாஸ்யா பென்சில் தேடிக் கொண்டுவந்தாள். சுந்தரம் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். ராமாமணி அவன் தோளுக்கு மேலே குனிந்து நின்றாள். முதல் கோடு போடுவதற்குள்ளேயே குறை சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

"மூக்கை இத்தன அகலமாப் போடாதே."

"அண்ணனுக்கு அப்படித்தானுங்களே இருக்கு."

"இருக்கட்டும். இருபத்திரண்டு வயசுல அப்படியில்ல. கையப் பாரு, லேத்துல அப்படியா கை வெப்பாங்க? விரலு போயிரும். பாவா, இங்க வாங்க. வந்து நில்லுங்க, மெஷின் முன்னால நிக்கறாப்பல."

கோவிந்தராஜுலு வந்து நின்றார். இல்லாத லேத்தின் கைப்பிடியை வலது கையால் பிடித்தார். இடது கையை நீட்டினார். தலையை லேசாகத் திருப்பச் சொன்னாள், திருப்பினார். புதுவேட்டி இடுப்பில் நழுவியது. பிடிக்கக் கையில்லை.

"அசையாதீங்க பாவா."

சுந்தரம் அவரை ஒரு தடவை பார்த்தான், பத்துக் கோடு போட்டான். ராமாமணி இன்னொரு பென்சிலை எடுத்து ஓரத்தில் எதையோ கிறுக்கிக் காட்டினாள். "அந்தக் குடம்..." என்று ஆரம்பித்தாள். "ஆமா, வாத்தியார் ஊட்டுல..." என்றான் அவன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். முழு வாக்கியம் ஒன்றுகூட அவர்களுக்குத் தேவைப்படவில்லை. சிரிக்கும்போது ராமாமணியின் முகத்தில் ஏதோ ஒன்று வந்தது. கல்யாணத்தன்று இல்லை, லாஸ்யா பிறந்தபோதும் இல்லை, எந்த நோம்பிக்கும் அவர் அதைப் பார்த்ததில்லை. அது தனக்காக வந்ததில்லை என்பதும், தன்னால் அதை வரவைக்க முடியாது என்பதும் அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. அந்தக் கட்டத்துக்குள் இருப்பது அவர்தான். வெளியே நின்று பார்த்துக்கொண்டிருப்பதும் அவர்தான்.

"எதுக்குச் சிரிக்கறீங்க?" என்று கேட்டார்.

இரண்டு தலையும் நிமிர்ந்தன. ராமாமணி சொல்ல வாயெடுத்தாள். பிறகு கையை உதறினாள்.

"சொன்னாப் புரியாதுங்க. கைய இறக்காதீங்க, இன்னும் தோளு போடல."

மறுபடி குனிந்துகொண்டாள். சமையலறையில் இட்லி ஆறிக்கொண்டிருந்தது. யாரும் எழுந்திருக்கிற மாதிரித் தெரியவில்லை. கோவிந்தராஜுலுவுக்குத் தோள்பட்டை கடுத்தது. வயிறு எரிந்தது. பசியும் இருந்தது. கையை இறக்காமல் நின்றார்.